சிக்னல் எங்கயோ அங்கதான் வீடு

நானும் என் வீட்டுக்காரரும் அமெரிக்காவுல ஆர்வியிலயே, அதாவது சமையல், படுக்கை, குளியல் எல்லாம் உள்ளயே இருக்குற வண்டியிலயே, ஊர் ஊரா சுத்திக்கிட்டு குடித்தனம் பண்றோம். ஃபோட்டோ ஒண்ணு போட்டா போதும், பின்னாடியே கேள்வி வந்துரும், டாய்லெட்டுக்கு என்ன பண்றீங்கன்னு. ஃபோட்டோவுல இருக்குற மலையைப் பத்தி ஒருத்தர் கேக்க மாட்டாங்க. சரி, நியாயமான கேள்விதான், கீழ விலாவாரியா சொல்றேன், சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க அந்தப் பத்தியை மட்டும் தாண்டிப் போயிருங்க.

அமெரிக்காவுல ஆர்வின்னா ஒரே மாதிரி வண்டி கிடையாது. முழு பஸ் சைஸ்ல இருந்தா கிளாஸ் ஏ, வேனுக்குள்ளயே எல்லாத்தையும் அடக்கினா கிளாஸ் பி, முன்னாடி வேன் மூஞ்சி பின்னாடி பெரிய பொட்டி, டிரைவர் தலைக்கு மேல ஒரு படுக்கைன்னு இருந்தா கிளாஸ் சி. எங்களோடது இதுல எதுவும் இல்ல, பிக்கப் டிரக்குல கொக்கி போட்டு இழுத்துட்டுப் போற டிராவல் டிரெய்லர், 28 அடி நீளம். இதுல ஒரு வசதி என்னன்னா வீட்டை ஒரு இடத்துல கழட்டி விட்டுட்டு டிரக்கை மட்டும் எடுத்துக்கிட்டு மளிகைக்குப் போயிட்டு வரலாம், கிளாஸ் ஏ வச்சிருக்கறவங்க ஒரு பால் வாங்கணும்னாலும் வீட்டையே ஓட்டிட்டுப் போகணும், இல்லன்னா பின்னாடி சின்னதா ஒரு காரைக் கட்டி ஊரெல்லாம் இழுத்துட்டுத் திரியணும். அம்மாவுக்கு வீடியோ கால்ல உள்ள சுத்திக் காட்டினப்ப "ஏண்டி, இவ்ளோ படிச்சது லாரிக்குப் பின்னாடி குடித்தனம் பண்ணவா"ன்னு கேட்டாங்க. இப்ப பழகிருச்சு, இப்பல்லாம் "இன்னிக்கு எந்த ஊரு"ன்னுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

இந்த வாழ்க்கையில இருக்கறவங்கள்ல பாதிக்கு மேல ரிட்டயர் ஆனவங்கதான் எங்க கண்ணுல படுறாங்க. குளிர் ஆரம்பிச்சா தெற்க அரிசோனா, டெக்சாஸ், ஃபுளோரிடான்னு இறங்கிருவாங்க, வெயில் ஏறினா வடக்க மொன்டானா பக்கம் போயிருவாங்க. அவங்களுக்கு வானிலை ஆப் ஒண்ணு போதும். நானும் இவரும் திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் லாக்-இன் பண்ணி வேலை பாக்கணும், நான் டேட்டா பக்கம், இவரு கஸ்டமர் சப்போர்ட் டீம்ல. அதனால எங்க போகணும்ங்கற முடிவு உண்மையில எங்க கையில இல்லவே இல்ல. சிக்னல் முடிவு பண்ணும், பேட்டரி முடிவு பண்ணும், தண்ணி டேங்க் முடிவு பண்ணும், அதுக்கப்புறம் மிச்சம் மீதி ஏதாவது இருந்தா நாங்க முடிவு பண்ணுவோம். இன்ஸ்டாகிராம்ல சுதந்திரம் சுதந்திரம்னு போடுறாங்க பாருங்க, அவங்களுக்கு காலைல ஸ்டேண்டப் மீட்டிங் இல்லன்னு அர்த்தம்.

சிக்னல்லேர்ந்தே ஆரம்பிக்கிறேன். எங்ககிட்ட ரெண்டு வேற வேற கம்பெனி சிம் இருக்கு, அதுக்கு மேல சாட்டிலைட்லேர்ந்து நேரா நெட் புடிக்கிற ஸ்டார்லிங்க் தட்டு ஒண்ணு. ஸ்டார்லிங்க் 2022-ல ஆர்விக்குன்னு தனி பிளான் விட்டாங்க, அதுக்கப்புறம்தான் எங்கள மாதிரி ஆளுங்க செல் டவர் இல்லாத இடத்துக்கே போக ஆரம்பிச்சாங்க. ஆனா அந்தத் தட்டுக்கு வானம் தெறந்து கிடக்கணும், குறிப்பா வடக்குப் பக்கம். எனக்கு வடக்கு கலிஃபோர்னியா ரெட்வுட் காட்டுல ஒரு மாசமாவது இருக்கணும்னு கொள்ளை ஆசை, 300 அடிக்கு மேல வளர்ற மரம், அது நடுவுல உக்காந்து வேலை பாத்தா எப்படி இருக்கும்! எப்படி இருக்கும்னா மீட்டிங்ல ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்க மூஞ்சி உறைஞ்சு நிக்கும், அப்படித்தான் இருக்கும். மரத்துக்கு நடுவுல தட்டு வேலைக்காகாது. அதனால பாலைவனம், புல்வெளி, ஏரிக்கரைன்னு மொட்டை இடமா பாத்துப் பாத்துப் போறோம், காடெல்லாம் லீவு எடுக்குறப்பதான். நேஷனல் பார்க்கும் அப்படித்தான், உள்ள பல இடத்துல ஒரு புள்ளி சிக்னல் கூட வராது, வெளில ஏதாவது ஊர்ல தங்கிக்கிட்டு சனி ஞாயிறு மட்டும் உள்ள போய்ட்டு வருவோம். இன்னொரு தொல்லை, டவர் முழுசா அஞ்சு கோடு காட்டும், ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேம்ப்கிரவுண்ட் நிறைஞ்சதும் எல்லாரும் சினிமா பாக்க ஆரம்பிச்சுருவாங்க, நெட் நொண்டும். இவரு அதனாலயே வெள்ளிக்கிழமை பெரிய கால் எதுவும் மத்தியானத்துக்கு மேல வச்சுக்க மாட்டாரு.

கரண்ட் கதை இன்னும் சுவாரசியம். காசு கட்டி வண்டியை நிறுத்துற ஆர்வி பார்க்ல தங்கினா கம்பத்துல ப்ளக் இருக்கும், 30 ஆம்ப் இல்லன்னா 50 ஆம்ப். 30 ஆம்ப்னா 120 வோல்ட்டுல மொத்தம் 3600 வாட், அவ்ளோதான். ஏசி ஓடிக்கிட்டிருக்கப்ப இண்டக்‌ஷன் அடுப்பையும் போட்டு மைக்ரோவேவையும் தட்டினா ப்ரேக்கர் டப்புனு விழும், அப்புறம் வேகாத வெயில்ல வெளில போய் கம்பத்துல சுவிட்சைத் தூக்கி விடணும். கம்பம் இல்லாத பொது நிலத்துல தங்குறதுக்கு பேரு பூன்டாக்கிங், அங்க எல்லாமே நம்ம பேட்டரிதான். எங்களோடது 100 ஆம்ப்-மணி லித்தியம் பேட்டரி ரெண்டு, ஈபி கணக்குல சொல்லணும்னா ரெண்டும் சேத்து ரெண்டரை யூனிட். ஊர்ல வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசமா கிடைக்குது, இங்க ரெண்டரை யூனிட்டை வச்சுக்கிட்டு ரெண்டு லேப்டாப், ஒரு மானிட்டர், ஸ்டார்லிங்க், லைட்டு, தண்ணி மோட்டார், ராத்திரி ஹீட்டர் எல்லாம் ஓட்டணும். ஸ்டார்லிங்க் மட்டுமே சராசரியா 75 வாட் தின்னுது, பத்து மணி நேரம் ஓடினா முக்கால் யூனிட் காலி. ஃப்ரிட்ஜ் நல்லவேளையா கேஸ்ல ஓடுற வகை. கூரையில 400 வாட் சோலார் இருக்கு, கோடைல கவலையே இல்ல, ஆனா டிசம்பர்ல சூரியன் சாஞ்சு போறதால படுக்கை வசத்துல கிடக்குற பேனல்லேர்ந்து நாளைக்கு ஒரு யூனிட் வந்தாலே பெருசு. மேகம் மூடுச்சுன்னா அதுவும் இல்ல.

ஹீட்டர் ப்ரொப்பேன்ல ஓடுதே அதுக்கு எதுக்கு கரண்ட்னு முதல்ல எனக்கும் புரியல. கேஸ் எரிஞ்சு சூடு வரும், ஆனா அந்த சூட்டை ரூமுக்குள்ள தள்றதுக்கு ஒரு ஃபேன் இருக்கு, அது பேட்டரில ஓடுது, 12 வோல்ட்டுல ஏழெட்டு ஆம்ப் இழுக்கும். பாலைவனத்துல பகல்ல சட்டை போட முடியாத வெயில், ராத்திரி ஜீரோவுக்கு வந்து நிக்கும், ஃபேன் விட்டு விட்டு ராத்திரி பூரா ஓடும், காலைல எந்திரிச்சதும் காபிக்கு முன்னாடி பேட்டரி சதவீதம்தான் பாப்போம். 35-க்கு கீழ இருந்தா அன்னிக்கு மானிட்டர் கிடையாது, மைக்ரோவேவ் கிடையாது, வீடியோவை ஆஃப் பண்ணிட்டு பேசுறதுதான். டீம்ல கேட்டா "கேமரா ரிப்பேர்"னு சொல்லி வச்சிருக்கேன், இந்த யூனிட் கணக்கெல்லாம் அவங்களுக்கு விளக்கிக்கிட்டு இருக்க முடியுமா.

இப்ப டாய்லெட். வண்டிக்கு அடியில மூணு டேங்க்: நல்ல தண்ணி, சிங்க்-குளியல் தண்ணி போற கிரே டேங்க், டாய்லெட்டுக்கு மட்டும் தனியா பிளாக் டேங்க். பிளாக் டேங்க் எங்களுக்கு 40 கேலன், அதாவது 150 லிட்டர். இதுல எல்லாரும் படிக்க வேண்டிய முதல் பாடம், பார்க்ல சாக்கடைக் குழாய் மாட்டியிருந்தாலும் பிளாக் டேங்க் வால்வைத் தெறந்தே வச்சிருக்கக் கூடாது. தெறந்து வச்சா தண்ணி மட்டும் ஓடிரும், கெட்டியானது அப்படியே அடியில தங்கி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி காஞ்சு பிரமிடா நின்னுரும், அதை உடைக்கிறதுக்குன்னே ஆள் கூப்புட்டு தண்ணி பீச்ச வைக்கணும். வால்வை மூடி வச்சு, டேங்க் முக்கால்வாசி நிறைஞ்சதும் ஒரே மூச்சா தெறந்து விடணும், அப்பதான் வேகத்துல எல்லாம் அடிச்சுக்கிட்டுப் போகும். இங்க பேப்பர் மட்டும் யூஸ் பண்றவங்களுக்குத்தான் இந்த பிரமிடு வியாதி ஜாஸ்தி. நமக்கு தண்ணி இல்லாம முடியாது, கைக்குழாய் மாட்டியிருக்கோம், அதனால எங்க டேங்க் எப்பவும் தண்ணியாவே இருக்கும், அடைப்பு வராது. ஆனா அதே காரணத்துக்காக சீக்கிரம் நிறையும். எதுலயும் ஒரு வில்லங்கம்.

காலி பண்ற வேலை இவரோடது, கல்யாணம் பண்ணி கிடைச்ச பலன்ல இது ஒண்ணு. ரப்பர் கிளவுஸ் போட்டுக்கிட்டு மூணு இன்ச் பைப்பை மாட்டுவாரு, அந்த பைப்போட முனையில ஒரு முழங்கை துண்டு மட்டும் கண்ணாடி மாதிரி உள்ள தெரியும், சுத்தமா ஓடுதா இன்னும் வருதான்னு பாக்குறதுக்கு. முதல்ல பிளாக், அது முடிஞ்சதும் கிரே, சோப்புத் தண்ணி வந்து பைப்பை அலசிட்டுப் போகட்டும்னு. மாத்திப் பண்ணா பைப்பை என்ன பண்றதுன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. டேங்கைக் காலி பண்றதுக்குன்னே இருக்குற டம்ப் ஸ்டேஷன்ல ஞாயித்துக்கிழமை காலைல பத்து வண்டி வரிசையில நிக்கும், ஒருத்தருக்கொருத்தர் குட்மார்னிங் சொல்லிக்கிட்டு, எந்தப் பக்கம் போறீங்க, அந்த மலை ரோடு எப்படி இருக்குன்னு அங்கதான் பேச்சே ஓடும். எங்களுக்கு கிடைச்ச நல்ல இடம் பாதி இந்த வரிசையில நின்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான். குளியல் பத்தி ஒரே வரி: நனைச்சுக்கோ, தண்ணிய நிறுத்து, சோப்பு போடு, தெற, முடிச்சுக்கோ. 50 கேலன் நல்ல தண்ணிய ரெண்டு பேர் ஒரு வாரம் ஓட்டணும். வாளி மக்குல வளந்த நமக்கு இது ஒண்ணும் பெரிய தண்டனை இல்ல.

சமையலுக்கு வர்றேன். புகை அலாரம் தாளிப்பு வாசனைக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி, கடுகு வெடிச்சு வரமிளகா கருகுறதுக்குள்ள கத்த ஆரம்பிச்சுரும், கூரை ஃபேனை முழு வேகத்துல வெளிப்பக்கமா ஓட விட்டாலும் கத்தும். அதனால தாளிப்பு, மீன், அப்பளம் எல்லாம் வெளில, வண்டி பந்தலுக்குக் கீழ ஒரு ஒத்தை அடுப்புல. மீன் பொரிச்ச அன்னிக்கு பக்கத்து வண்டியிலேர்ந்து ஒரு பெரியவர் நாற்காலியைத் தூக்கிட்டே வந்துட்டாரு, சொல்லாம கொள்ளாம. ரெண்டு துண்டு குடுத்தோம், மறுநாள் காலைல வீட்டுல போட்ட ரொட்டி ஒண்ணு படிக்கட்டுல இருந்துச்சு. ஃப்ளாக்ஸ்டாஃப் மாதிரி 7000 அடி உயர ஊர்ல தண்ணி 93 டிகிரிலயே கொதிச்சுரும், கொதிக்குதேன்னு நம்பி பருப்பைத் தெறந்த பாத்திரத்துல போட்டா சாயங்காலம் வரைக்கும் கல்லு மாதிரி கிடக்கும், குக்கர்தான் கதி, அதுலயும் ரெண்டு விசில் கூட. இட்லி மாவு குளிர்ல பொங்காது, ஹீட்டர் காத்து வர்ற ஓட்டைக்குப் பக்கத்துல வச்சு ராத்திரி பூரா காவல் காப்பேன். வெட் கிரைண்டர் கொண்டு வந்தே தீருவேன்னு சண்டை போட்டு ஏத்தினேன், வண்டி எடை மொத்தம் இவ்ளோதான் தாங்கும்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான்ல, டிரக் ஸ்டாப்ல எடை மேடையில ஏத்திப் பாத்துட்டு இவரு கிரைண்டர் கல்லையேதான் முறைச்சாரு. கல்லு இன்னும் இருக்கு, இவரோட டம்பெல்ஸ்தான் இறங்குச்சு.

வேலை நேரம் ஒரு தனி வேடிக்கை. அரிசோனாவுல கோடைல பெரும்பாலான மாநிலம் மாதிரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி மாத்த மாட்டாங்க, ஆனா அதுக்குள்ள இருக்குற நவாஹோ நேஷன்ங்கற பூர்வகுடி நிலத்துல மாத்துவாங்க, அந்த நவாஹோ நிலத்துக்கு நடுவுல இருக்குற ஹோப்பிங்கற இன்னொரு பூர்வகுடி நிலத்துல மாத்த மாட்டாங்க. பக்கத்துல யூட்டா, அங்க மாத்துவாங்க. கோடைல பேஜ் ஊருக்குப் பக்கத்துல லேக் பவல் கரையில தங்கினா ஃபோன் எந்த டவரைப் புடிக்குதோ அந்த நேரம் காட்டும், மளிகைக்கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ஒரு மணி நேரம் முன்ன பின்ன போயிட்டு வரும். நியூயார்க் டீமுக்கு காலைல 9 மணின்னா அரிசோனா கணக்குல எங்களுக்கு 6, யூட்டா கணக்குல 7. லேப்டாப்ல ஆட்டோமேட்டிக் டைமை அணைச்சுட்டு நியூயார்க் நேரத்துலயே விட்டுட்டோம், சுவத்துல ஒரு பழைய முள்ளு கடிகாரம் அதே நேரத்துல. வெளில யாருக்கு என்ன நேரமோ இருந்துட்டுப் போகட்டும்.

இடம் மாத்துறது சனிக்கிழமை மட்டும்தான். இங்க 3-3-3ன்னு ஒரு வழக்கம் சொல்வாங்க, ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல ஓட்டாத, சாயங்காலம் 3 மணிக்குள்ள போய்ச் சேரு, சேந்த இடத்துல 3 நாளாவது இரு. வேலை பாக்குறவங்க 3 நாளெல்லாம் இல்ல, ரெண்டு வாரமாவது ஒரு இடத்துல இருந்தாதான் மூச்சு விட முடியும். பொது நிலம் பாத்துக்குற அரசு இலாகாவுக்கு பிஎல்எம்னு பேரு, அவங்க இடத்துல பெரும்பாலும் 28 நாளுக்குள்ள 14 நாள்தான் இருக்கலாம், அப்புறம் நகரணும், எங்க கணக்குக்கு அது சரியாவே இருக்கு. ஓட்டுறப்ப பயம் ரெண்டே ரெண்டு: காத்து, பாலம். வயோமிங்ல ஐ-80 ரோட்டுல காத்து பலமா இருந்தா எடை கம்மியா உயரமா இருக்குற வண்டியை மட்டும் தடுத்து ரோட்டை மூடிருவாங்க, எங்க டிரெய்லர் சரியா அந்த ஜாதி. பாலத்துக்கு நார்த் கரோலினா டர்ஹாம்ல ஒரு ரயில் பாலம் பேர் போனது, 11 அடி 8 இன்ச்தான் உயரம், வாடகை லாரிங்க கூரை கூரையா உரிஞ்சு போற வீடியோ பாத்திருப்பீங்க, 2019-ல 8 இன்ச் தூக்கி வச்சாங்க, அதுக்கப்புறமும் போய் இடிக்கிறாங்க. எங்க ஏசியோட உச்சி வரைக்கும் அளந்து டேஷ்போர்டுல ஒட்டி வச்சிருக்கோம், சாதாரண மேப்பை நம்பாம உயரம் போட்டா வழி சொல்ற ஆர்வி ஜிபிஎஸ்ஸைத்தான் நம்புறோம்.

ரிப்பேர்தான் உண்மையான தலைவலி. கொரோனா சமயத்துல எல்லாருக்கும் ஆர்வி ஆசை வந்து 2021-ல மட்டும் 6 லட்சம் வண்டி ஃபேக்டரிலேர்ந்து வெளில போச்சு, இண்டியானா மாநிலம் எல்கார்ட்டைச் சுத்தித்தான் இந்தத் தொழில் பெரும்பாலும், அங்க ராத்திரி பகலா அடிச்சுத் தள்ளினாங்க. அந்த வருஷத்து வண்டின்னா வாங்குறப்ப ரெண்டு தடவை கூரையில ஏறிப் பாருங்க. எங்களுக்கு ஜன்னல் ஓரம் தண்ணி கசிஞ்சு வாரண்டிக்குக் கொண்டு போனா "விட்டுட்டுப் போங்க, ஆறு வாரத்துல கூப்புடுறோம்"னு சொன்னாங்க. காரா இருந்தா விட்டுட்டு வரலாம். இது வீடு! பாத்திரம், படுக்கை, மானிட்டர், இவரோட மாத்திரை எல்லாம் உள்ள இருக்கு, எங்க போறது? கடைசில வண்டி நிக்கிற இடத்துக்கே வந்து பாக்குற மொபைல் டெக்னீஷியனுக்கு கைக்காசைக் குடுத்து முடிச்சோம், அவரு நாலு மணி நேரத்துல முடிச்ச வேலை அது.

குளிர்காலத்துக்கு அரிசோனாவுல குவார்ட்ஸைட்னு ஒரு ஊரு. கோடைல ஆளே இருக்க மாட்டாங்க, ஜனவரில சுத்தி இருக்குற பாலைவனம் பூரா வண்டியா நிக்கும். லா போஸான்னு பிஎல்எம் நீண்ட நாள் தங்குற இடம், செப்டம்பர் 15-லேர்ந்து ஏப்ரல் 15 வரைக்கும், நாங்க போனப்ப மொத்த சீசனுக்கும் 180 டாலர், அந்தக் காசுக்கு தண்ணியும் டம்ப் ஸ்டேஷனும் உண்டு. ஏழு மாசத்துக்கு 180 டாலர்ங்க, தனியார் பார்க்ல மூணு நாலு ராத்திரிக்கே இவ்ளோ கேப்பாங்க. அந்த ஊர் இடுகாட்டுல பிரமிடு மாதிரி ஒரு கல்லறை, உச்சியில ஒட்டகம் நிக்குது. 1850-கள்ல அமெரிக்க ராணுவம் பாலைவனத்துல சாமான் தூக்க ஒட்டகம் இறக்கிப் பாத்தாங்க, அதை மேய்க்க கூட வந்த ஹாஜி அலிங்கறவரோடது. அவரு பேரு இவங்க வாயில நுழையாம ஹை ஜாலி ஆயிருச்சு, பிரமிடுல எழுதியிருக்கறதும் அப்படித்தான். ஆசியாவுலேர்ந்து வேலைக்குன்னு வந்து வண்டியோட வண்டியா பாலைவனத்துல சுத்தின ஆளு நமக்கு முன்னாடியே ஒருத்தர் இருந்திருக்காரு.

வேலைன்னதும் விசா கேள்வி வரும். எச்1பி வேலை விசாவுல இருக்கறவங்க இதை யோசிக்காதீங்க. அந்த விசா எந்த ஊர்ல உக்காந்து வேலை பாக்குறீங்கங்கறதோட கட்டிப் போட்டது, ஒரு பெருநகர வட்டாரத்தை விட்டு வெளில வேலையிடம் மாறினா கம்பெனி மறுபடி திருத்தின மனு போடணும்னு 2015-ல சிமியோங்கற கம்பெனியோட விசா வழக்குத் தீர்ப்புல தெளிவா சொல்லிட்டாங்க. கொஞ்ச நாளைக்குன்னா விதிவிலக்கு இருக்கு, ஆனா ரெண்டு வாரத்துக்கு ஒரு மாநிலம்னு மாறுறதுக்கெல்லாம் எந்த வக்கீலும் தலையாட்ட மாட்டாரு. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்னு கிரீன் கார்டுக்கு வரம்பு வச்சிருக்கறதால நம்மாளுங்க வரிசையில நின்னே முடி நரைச்சுருது. எங்களுக்கு கார்டு கைக்கு வந்ததுக்கு அப்புறம்தான் வீட்டைக் காலி பண்ணோம், இதே வண்டியை இருபத்தெட்டு வயசுல வாங்கியிருக்கணும், முட்டி வலி வந்தப்புறம் வாங்கியிருக்கோம். கார்டு வந்தாலும் முகவரி மாறினா பத்து நாளுக்குள்ள ஏஆர்-11 ஃபார்ம் போடணும், அதை மறந்துராதீங்க.

நிரந்தர முகவரிக்கு, வருஷம் பூரா வண்டியிலயே வாழுற ஃபுல் டைமர்ஸ் பெரும்பாலும் சவுத் டகோட்டா, டெக்சாஸ், ஃபுளோரிடா மூணுல ஒண்ணைத்தான் புடிப்பாங்க, மூணுலயும் மாநில வருமான வரி கிடையாது, தபாலை வாங்கி ஸ்கேன் பண்ணி அனுப்புற ஆபீஸும் நிறைய. நாங்க சவுத் டகோட்டா, ஒரு ராத்திரி தங்கின கேம்ப்கிரவுண்ட் ரசீதைக் காட்டி லைசென்ஸ் வாங்கினோம். ஆனா முகவரி அங்க இருக்குன்னு எல்லா மாநிலமும் விட்டுராது, உடம்பு எங்க உக்காந்து வேலை பாக்குதோ அந்த மாநிலம் அந்த நாளுக்கு வரி கேக்கும், சில மாநிலத்துல கொஞ்ச நாள் சலுகை, கலிஃபோர்னியாவுல முதல் நாளுலேர்ந்தே கணக்கு. இவரு எக்செல்ல எந்தத் தேதி எந்த மாநிலம்னு எழுதி வைக்கிறாரு, எங்க எச்ஆருக்கும் மாசக் கடைசியில அது போகும். குவார்ட்ஸைட்லேர்ந்து கொலராடோ ஆத்தைத் தாண்டினா அரை மணி நேரத்துல கலிஃபோர்னியா, பிளைத் ஊரு. போன சனிக்கிழமை அங்க சாமான் வாங்கப் போனோம், டீசல் மட்டும் இந்தப் பக்கமே ரொப்பிக்கிட்டோம், அங்க விலை ஜாஸ்தி. சூப்பர் மார்க்கெட் வாசல்ல நிக்கிறப்ப ஆபீஸ்லேர்ந்து எனக்கு அவசரமா ஒரு ஃபோன், ஒரு டேட்டா ஜாப் ஃபெயில் ஆயிருச்சு பத்து நிமிஷம் பாத்துரேன்னு. லேப்டாப் பையிலதான் இருந்துச்சு. இவரு சாவியைப் போட்டு டிரக்கை கிளப்பிட்டாரு, பாலத்தைத் தாண்டினதும் அரிசோனா பக்கம் பெட்ரோல் பங்க்ல நிறுத்தி "இப்ப தெற"ன்னாரு.